நூறு ஞாயிறு

புறக்கோட்டை என்று பெயர்.
எந்தக் கோட்டைக்குப் புறம் என்று
நாலாம் குறுக்குத்தெருவில் யாரும் கேட்பதில்லை.
முதுகில் பம்பாய் வெங்காயத்தோடு
நாட்டாமைகள் வருவார்கள், "வழி, வழி."
விலகாதவன் மூட்டையோடு மூட்டையாக
ஏதாவதொரு கடையில் இறக்கப்படுவான்.

இருபத்தாறு வருடமாக அங்கே
செத்தல் மிளகாய்க்குக் கணக்கெழுதுகிறேன்.
தும்மல் என்னை விட்டுப் போய்
இருபத்தைந்து வருடம்.

மர்சூக் இரண்டாம் குறுக்குத்தெரு, மணிக்கூட்டுக் கடை.
வெள்ளம் வந்த வைகாசியில்
அவர் வீட்டில் அடுக்கியிருந்த முந்நூற்றுப் பத்துச் சுவர்மணிக்கூடுகள்
களனி கங்கையைக் குடித்து
தட்டுத் தட்டாக நின்றன.
கீழ்த்தட்டு ஒன்பதே காலுக்கு.
மேல்தட்டு விடியும்வரை தாக்குப்பிடித்தது.
தண்ணீர் ஏறிய வேகத்தை அதில் கணக்குப் பார்க்கலாம்.
பார்த்தேன்.
பழக்கம்.

பிறகு ஒன்றரை லட்சம் கொடுத்தேன்.
குளியலறைக்கு மாபிள் பதிக்க வைத்திருந்தது.
"இந்த வருசம் மாபிள் விலை சரியில்லை" என்றேன் தவமலரிடம்.
நான் விலை சொன்னால் அவள் நம்புவாள்.

வீட்டுக்கு வந்து அவர் திருப்பித் தர முடியாது.
கடையிலோ முதலாளியின் கண்.
ஆகவே ஆறு.

ஞாயிறு பின்னேரம் ஐந்தரை, மட்டக்குளிப் பாலத்தடி.
யாருடையதோ கலியாண அழைப்பிதழின் உறைக்குள்
ஆயிரத்து ஐந்நூறு.
எண்ணாமல் சட்டைப்பையில் வைப்பேன்,
எண்ணியதுபோல அவர் தலையாட்டுவார்.
பிறகு நடப்போம்,
வந்த காரியம் அதுதான் என்பதுபோல.

வீட்டில் சொன்னது: சீனி கூடிப்போச்சு, டொக்டர் நடக்கச் சொன்னார்.
டொக்டர் சொல்லவேயில்லை.
சீனி குறைந்தது.

ஆற்றைப் பற்றி அழகாகச் சொல்ல எனக்கு வராது.
மேலே எங்கோ மழையென்றால் தேத்தண்ணி நிறம்,
மற்ற நாளில் எண்ணெய்.
ஆகாயத்தாமரைக்கு நடுவே
ஒரு றப்பர்ச் செருப்பு, ஒரு தெய்வப் படச் சட்டம்,
கபரகொய்யா ஒன்று, அவசரமேயில்லாமல்.
அக்கரை ஹெந்தளையில்
லைட் போட்டதும் தென்னைகள் மறைந்துவிடும்.

கடனைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.
அவருடைய முழங்கால் பேசியிருக்கிறோம்.
தோஹாவில் மகள் பெற்ற பிள்ளைக்கு வைத்த,
அவருக்கே வாயில் நுழையாத பெயர் பேசியிருக்கிறோம்.
ஒல்லாந்தன் வெட்டிய வாய்க்காலில்
இன்றைக்கும் மூட்டை போனால்
லொறி வாடகை எவ்வளவு மிச்சம் என்று
இரண்டு ஞாயிறு விவாதித்தோம்.
ஒரு நாள் நோன்பு திறக்க நேரமாகி
பேரீச்சம்பழம் ஒன்றை என் கையிலும் வைத்தார்.
கொட்டையைத் துப்ப இடம் தேடி
பாலம்வரை வாயிலேயே வைத்திருந்தேன்.

நூறாவது உறையில்
புதுத் தாள்கள்.
"முடிஞ்சிது" என்றார்.
"ஓம்" என்றேன்.
அன்றைக்குக் கொஞ்சம் வேகமாக நடந்துவிட்டோம் போல.
இருட்டுமுன் வீட்டில் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு சப்பாத்தைப் போட்டுவிட்டு
கதிரையில் இருந்தேன்.
"சீனி சுகமாயிட்டுதோ?" என்றாள் தவமலர்,
கருவாடு கழுவியபடி.
எழுந்து போனேன்.

பாலத்தடியில் மர்சூக்.
கையில் உறை இல்லை.
"கணக்குல பிழை ஒண்டு ஈக்கிது" என்றார்
ஆற்றைப் பார்த்துக்கொண்டு.
"ஊரடங்கு போட்ட அந்தக் கெழம,
நான் ஆயிரத்து நானூறுதான் தந்த.
நூறு ரூவா கொறயுது."

அந்தக் கிழமையும் ஆயிரத்து ஐந்நூறுதான்.
மூன்று ஐந்நூறு; ஒன்றில் நீலப் பேனையால்
யாரோ தொலைபேசி இலக்கம் எழுதியிருந்தார்கள்.
இருபத்தாறு வருடத்தில்
ஒரு சதம் பிழைத்ததில்லை எனக்கு.

"ஓம், குறையுது" என்றேன்.
"ஒரேயடியாத் தர வழியில்ல."
"அவசரமில்ல."

கடல் ஏறும் நேரம்.
முகத்துவாரத்துப் பக்கமிருந்து உப்புத் தண்ணீர் தள்ள,
ஆகாயத்தாமரை எல்லாம் மெல்லத் திரும்பி
வந்த வழியே ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது,
மேலே அந்தச் செருப்போடு.